கல்லூரி வாயிலும் நம் பிள்ளைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கடந்த காலத்தைத் திரும்பிப் பார்ப்பதும் எதிர்காலத்திற்கு வழி வகுப்பதும் நம் கடமையாகும். மேல்நிலை வகுப்பு மாணவர்களைக் கல்லூரி நுழைவுத் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்யும் பணி இன்று நம் சங்கத்தின் தலையாய பணிகளுள் ஒன்றாக விளங்குகிறது. நுழைவுத் தேர்வு என்பது ஏதோ அண்மையில் முளைத்த புதுப் பூதம் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது. நம் நாட்டில் புதுமுறைக் கல்லூரிக் கல்வி தோன்றிய நாளிலேயே அதன் வாயிலில் ஒரு தேர்வு காவல் நின்றது. அந்த வாயிலின் வரலாற்றை அறிந்தால்தான் அதனைக் கடக்கும் வழியையும் நாம் அறிய இயலும்.

முதல் வாயில்

1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கல்லூரியிற் சேர விரும்புவோர் மெட்ரிகுலேஷன் எனும் பிரவேசப் பரீட்சையில் தேற வேண்டும் என்பது அதன் விதி. அடுத்த ஆண்டே, 1858இல், சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் அப்பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். ஆனால் அந்நாளில் நம் மக்களின் நிலை யாது? பிரவேசப் பரீட்சை எழுதுவதற்கு உயர்நிலைப் பள்ளியிற் பயில வேண்டும்; உயர்நிலைப் பள்ளிக்குத் தொடக்கப் பள்ளி வேண்டும்; தொடக்கப் பள்ளியோ ஊருக்குள் இருந்தது; நம் மக்களோ சேரியில் இருந்தனர். தேர்வில் நம்மவர் தோற்கவில்லை. தேர்வு மண்டபம் இருக்கும் திசையைக்கூட அவர்கள் அறிய விடப்படவில்லை என்பதே உண்மை.

1891இல் செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் இழிநிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதனைத் தொடர்ந்து எழுந்த விவாதங்களின் விளைவாக, 1893இல் பஞ்சமர் கல்வி பற்றிய அரசாணை பிறந்தது. பஞ்சமர் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு உதவித் தொகை முதலியவற்றுக்கு அவ்வாணை வழி செய்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அவர்கள் சென்னை அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் போன்ற பெரியோர் இம்முயற்சியில் தொடர்பு கொண்டிருந்தனர். எனினும் இவை பெரும்பாலும் தொடக்கக் கல்வியோடு நின்ற பள்ளிகளே. ஏணியின் முதற்படி கிடைத்தது, இடைப்படிகள் இல்லை.

இடைப்படிகளைத் தனித்து ஏறியவர் பட்ட பாட்டினை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் பதிந்துள்ளார்கள். கோயம்புத்தூரில் கல்லூரி மாணவராக இருந்தபோது, ஏறத்தாழ நானூறு மாணவருள் பத்துப் பேர் போக ஏனையோர் யாவரும் பிராமணர்கள். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, அவர் பிற மாணவரோடு கலந்து விளையாடாமல், வெளியில் எங்கேனும் அமர்ந்து படித்திருந்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்புக்குட் செல்வாராம். பின்னாளில் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்த பெருமகனார் மாணவப் பருவத்தில் மணியோசைக்குக் காத்திருந்தார் என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது. வாயிலைக் கடந்த பிறகும் வாயில் முடிவதில்லை என்பதே இதன் பாடம்.

ஒரு மதிப்பெண் பட்டியல்

1907ஆம் ஆண்டு பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து அண்ணல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். அவ்வெற்றிக்காகப் பாராட்டுக் கூட்டமே நடைபெற்றது. ஆசிரியர் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசளித்தார். அண்ணல் பெற்ற மதிப்பெண் எவ்வளவு? 750க்கு 282. இன்றைய கணக்குப்படி நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கும் குறைவு. அந்த மாணவரே 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். பின்னர் இலண்டனில் உயர் பட்டம் பெற்றார். அரசியல் சட்ட வரைவுக் குழுவிற்குத் தலைவரானார். ஒரு மனிதனின் ஆற்றலை ஒரு நாள் தேர்வு அளந்துவிடும் என்று கூறுவோர்க்கு இதனினும் சிறந்த விடை வேண்டுவதில்லை.

அத்துடன் மற்றொன்றையும் நாம் கருதுதல் வேண்டும். அண்ணல் கல்லூரியில் தொடர்ந்து கற்க இயன்றது பரோடா மன்னரின் உதவித் தொகையால். தமக்குக் கிடைத்த உதவி எல்லார்க்கும் கிடைக்க வேண்டும் என்பதை அவர் மறக்கவில்லை. வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில் அவர் வற்புறுத்தியதன் பயனாக, மெட்ரிகுலேஷனுக்குப் பிந்திய கல்விக்கான மைய அரசின் உதவித் தொகைத் திட்டம் 1944இல் தாழ்த்தப்பட்டோர்க்குத் தொடங்கப் பெற்றது. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. தாம் வாயிலைக் கடந்தவர், தமக்குப் பின்வருவோர்க்காக ஒரு கல்லூரியையே கட்டினார். நம் போன்ற கல்விச் சங்கங்களுக்கு அதுவே முன்மாதிரி.

தமிழகத்து முன்னோடிகள்

தமிழகத்திலும் இத்தகைய தொண்டுக்குக் குறைவில்லை. ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்திற் பிறந்த சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளியைத் தொடங்கினார். நந்தனார்க்கு மறுக்கப்பட்ட வாயில் எந்த ஊரில் இருந்ததோ, அந்த ஊரிலேயே நம் பிள்ளைகளுக்கு ஒரு கல்வி வாயிலைத் திறந்தார் அப்பெருந்தகை. ஆசிரியராகப் பணி தொடங்கிய எம். சி. ராஜா அவர்கள் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளராகத் தொண்டாற்றி, 1920இல் சென்னைச் சட்ட மன்றத்தில் இடம் பெற்று, பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்கு இடமும் உதவித் தொகையும் வேண்டி ஓயாது குரல் கொடுத்தார்.

அக்காலத்தில் அரசு தொழிலாளர் துறையின் பொறுப்பில் நமக்கெனப் பள்ளிகளும் விடுதிகளும் ஏற்பட்டன. நம் பெரியவர்கள் அவற்றை 'லேபர் பள்ளிக்கூடம்' என்றே அழைத்தனர். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அவற்றின் வழி வந்தவையே. ஓலைக் கூரையின் கீழ், ஒரே ஆசிரியரிடம், பல வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்தமர்ந்து படித்த அப்பள்ளிகளிலிருந்துதான் நம் முதல் தலைமுறை எழுத்தர்களும் ஆசிரியர்களும் வந்தனர். பள்ளிக்கு அடுத்தபடியாக நம்மை உயர்த்தியது விடுதி. விளக்கும் உணவும் படிக்க ஓரிடமும் இல்லாத பிள்ளைக்கு விடுதியே வீடும் நூலகமும் ஆயிற்று.

இடம் மாறிய பூட்டு

1911இல் மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாக எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. பள்ளிப் படிப்பை முடித்தவர் அனைவரும் கல்லூரிக்குத் தகுதி உடையவர் ஆகவில்லை. குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றவரையே 'எலிஜிபிள்' என்று அறிவித்தனர். 'படித்து முடித்தான், ஆனால் எலிஜிபிள் ஆகவில்லை' என்னும் சொல் ஊர்தோறும் வழங்கிற்று.

நீதிக் கட்சி ஆட்சிக் காலத்தில் வகுப்புவாரி ஆணைகள் பிறந்தன. பின்னர் மருத்துவ, பொறியியற் கல்லூரிகளிலும் அம்முறை பின்பற்றப்பட்டு, ஒவ்வொரு பதினான்கு இடங்களிலும் இரண்டு நம் மக்களுக்கு என ஒதுக்கப்பட்டது. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தமிழகம் கொந்தளித்தது. அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. பின்தங்கியோர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் கல்வியில் தனி ஏற்பாடு செய்யும் உரிமை அதனால் உறுதி பெற்றது.

இட ஒதுக்கீடு இருந்தும் நேர்முகத் தேர்வு என்னும் மற்றொரு பூட்டு இருந்தது. 1970ஆம் ஆண்டின் மருத்துவச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75 மதிப்பெண்கள். அம்முறையின் குறைபாடுகளை உச்ச நீதிமன்றமே பெரியகருப்பன் வழக்கில் எடுத்துக்காட்டியது. அவையில் ஆங்கிலத்தில் அஞ்சாது பேசும் பயிற்சி எந்த வீட்டில் கிடைக்கும், எந்தக் குடிசையில் கிடைக்காது என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

1978இல் புகுமுக வகுப்பு நீங்கி, மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. 1984இல் தமிழக அரசு தொழிற்கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வைக் கொணர்ந்தது. பள்ளித் தேர்வு மதிப்பெண் 200 என்றும் நுழைவுத் தேர்வு 100 என்றும் கூட்டி, 300க்குக் கணக்கிட்டனர். நகரங்களில் தனிப்பயிற்சி நிலையங்கள் பெருகின. கட்டணம் செலுத்த இயன்றவர் பயின்றனர். இயலாதவர் பழைய வினாத்தாளைக் கடன் வாங்கிப் படித்தனர். நீண்ட போராட்டத்திற்குப் பின், 2006இல் நிறைவேற்றிய சட்டம் 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, அத்தேர்வு நீங்கியது.

நுழைவுத் தேர்வு நீங்கிய அந்தப் பத்தாண்டுகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிகளை நிறைத்தார்களா? இல்லை. தனியார் உறைவிடப் பள்ளிகள் பல, பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுகள் உருவேற்றச் செய்தன. அக்குறையை நீக்கும் பொருட்டே 2018இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு ஏற்பட்டது. 2025இல் அது நீக்கப்பட்டது. தேர்வு எதுவாயினும் அதனை விலைக்கு வாங்கும் வழியைச் செல்வர் கண்டுகொள்கின்றனர் என்பதற்கு இது சான்று.

2013இல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாதெனப்பட்ட நீட் தேர்வு, 2016இல் அத்தீர்ப்புத் திரும்பப் பெறப்பட்டதால் மீண்டு, 2017இல் தமிழகத்தின் மீதும் வந்து விழுந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்ற குழுமூர் அனிதா, உச்ச நீதிமன்றம் வரை சென்று போராடியும் இடம் பெறாது, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் மறைந்தார். அம்மகளின் பெயரை இங்கே பொறிப்பது கண்ணீர் வரவழைப்பதற்கன்று. ஒரு மாணவி தன் பங்கு உழைப்பு முழுவதையும் செலுத்திய பின்னர், நடுவே விதியை மாற்றினால் என்ன நேரும் என்பதை நினைவில் நிறுத்துவதற்கே.

2018இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. 196 மதிப்பெண்கள் வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. 2019ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளிற் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர் பத்துப் பேரைக்கூட எட்டவில்லை. நீதியரசர் கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை அடியொற்றி, 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. அவ்வாண்டே முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவம் பயிலச் சென்றனர். பிள்ளைகள் அதே பிள்ளைகள், பள்ளிகளும் அவையே. மாறியது கதவின் அகலம் மட்டுமே. 'தகுதி இல்லை' என்ற பேச்சின் உண்மை மதிப்பு இதனால் விளங்கும்.

பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும்

இவ்வரலாற்றிலிருந்து நம் பயிற்சிப் பணிக்குச் சில நெறிகள் கிடைக்கின்றன.

முதலாவது, அடித்தளம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து ஒரு மாதம் பயிற்சி அளித்தால் போதும் என்பது மாயை. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இரண்டு கிலோகிராம் நிறையுள்ள பொருள் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் யாது? சூத்திரம் நம் மாணவனுக்கு மனப்பாடம். ஆனால் 72 கிலோமீட்டரை விநாடிக்கு 20 மீட்டர் என்று மாற்ற மறந்துவிடுகிறான். சரியான விடை 400 ஜூல்; அவனுக்குக் கிடைப்பதோ 5184. வினா அமைப்போர் அந்த 5184ஐயும் நான்கு விடைகளுள் ஒன்றாக வைத்திருப்பர். மாணவனும் மகிழ்ச்சியோடு அதனைக் குறித்துவிட்டு வருவான். இப்பிழை ஏழாம் எட்டாம் வகுப்பில் விதைந்தது. ஆதலின் பின்னம், விகிதம், அலகு மாற்றம், வரைபடம் ஆகியவற்றை ஆறாம் வகுப்பு முதலே செப்பமாகக் கற்பித்தல் வேண்டும்.

இரண்டாவது, அச்சம் நீக்கல். நீட் தேர்வில் சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறானால் ஒன்று குறையும். இதற்கு அஞ்சி நம் பிள்ளைகள் தெரிந்த வினாவையும் விட்டு வருகின்றனர். நான்கு விடைகளில் இரண்டு தவறென உறுதியாகத் தெரிந்தால், எஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறிப்பதே அறிவுடைமை. இத்தகைய இரண்டு வினாக்களில் சராசரியாக ஒன்று சரியாகும், ஒன்று தவறாகும். நிகரமாக மூன்று மதிப்பெண் கிட்டும். இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் அச்சம் பாதி அகலும். மீதி அச்சம், கடிகாரத்தை வைத்து மாதிரித் தேர்வு பலமுறை எழுதினால் அகலும்.

மூன்றாவது, மொழி. தமிழில் தேர்வெழுதுவது நம் உரிமை. அதை விட்டுக்கொடுத்தல் கூடாது. ஆயினும் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே இறுதி என்பது தேர்வு விதியாக உள்ளது. ஆகவே ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணைத்துக் கற்பிப்பது நம் பயிற்றுநர் கடமை. கல்லூரி முதலாண்டில் ஆங்கில விரிவுரை கேட்டுத் திகைக்கும் துன்பமும் அதனாற் குறையும்.

நான்காவது, தாள்கள். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றை உரிய காலத்தில் பெறாமையால் இழந்த இடங்கள் உண்டு. பள்ளிச் சான்றில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் ஒரு பெயர், சாதிச் சான்றில் தந்தை பெயர் வேறு என்றிருந்தால் அலைச்சல் மிகும். கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோர் ஒரு நாள் அலுவலகம் சென்றால் ஒரு நாள் ஊதியம் போகும். ஆதலின் பத்தாம் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணவரின் தாள்களையும் சரிபார்த்துத் திருத்தும் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டும். இது பாடம் கற்பிப்பதற்குச் சற்றும் குறைந்த பணியன்று.

ஐந்தாவது, சேர்ந்தபின் துணை. ஐ.ஐ.டி. நிறுவனங்களில் 1973 முதல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கு ஒதுக்கீடு உண்டு. தேர்வில் சற்றே பின்தங்கிய அம்மாணவர்க்கு ஓராண்டு ஆயத்த வகுப்பு நடத்தி, இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் கற்பித்து, மீண்டும் நுழைவுத் தேர்வு எழுதாமலே பட்ட வகுப்பிற் சேர்க்கும் முறையும் அங்கு உண்டு. குறைந்த மதிப்பெண்ணைக் கதவடைப்பதற்குக் காரணமாக்காமல், கற்பிக்க வேண்டியதன் அளவாகக் கொள்ளும் இந்நெறியே அறநெறி.

யாருக்குச் செலவிடுவது?

இங்கே நம்மிடையே ஒரு கருத்து வேறுபாடு உள்ளதை மறைக்க வேண்டுவதில்லை. வெள்ளி விழா நிதியைக் கொண்டு ஆண்டுதோறும் முதன்மையான பத்து மாணவரைத் தேர்ந்து, பெருநகரப் பயிற்சி நிலையத்திற்கு அனுப்பலாம் என்பார் ஒருசாரார். பத்து மருத்துவர் உருவானால் சமுதாயமே தலைநிமிரும் என்பது அவர்தம் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு மருத்துவர் வீடு திரும்பும் நாளில் தெருவிலுள்ள ஒவ்வொரு சிறுவனும் நிமிர்ந்து நிற்பதை நாம் அறிவோம்.

ஆயினும் நம் கருத்து வேறு. அந்தப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்க நாம் வைக்கும் தேர்வும் ஒரு நுழைவுத் தேர்வே அன்றோ? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்மை வெளியே நிறுத்திய அதே வடிகட்டியை நம் கையாலேயே நம் பிள்ளைகள் முன் பிடிக்கலாமா? நிதியின் பெரும்பகுதி ஊர்ப் படிப்பகங்களுக்கும், ஆறாம் வகுப்பு முதலான அடித்தளப் பயிற்சிக்கும், விளக்குக்கும் நூலுக்கும் மாலைச் சிற்றுண்டிக்கும் செல்ல வேண்டும். அடித்தளம் அகலமானால் உச்சியில் நிற்போர் தொகையும் தானே பெருகும். எஞ்சியதை, தேர்வுக்கு மிக அண்மையில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு வழங்கலாம்; அவர்களும் திரும்பி வந்து படிப்பகத்தில் சில நாளேனும் கற்பித்தல் வேண்டும்.

இடம் கிடைக்காத பிள்ளையைப் பற்றியும் ஒரு சொல். அவன் தோற்றவன் அல்லன். செவிலியம், வேளாண்மை, சட்டம், ஆசிரியம், பாலிடெக்னிக், கலை அறிவியல் எனக் கதவுகள் பல உள்ளன. முடிவு வெளியான நாளில் வெற்றி பெற்றவன் வீட்டிற்கு மாலையோடு செல்வோர், அடுத்த வீட்டிற்கும் சென்று அந்தப் பிள்ளையின் தோளைத் தொட்டுப் பேசுதல் வேண்டும். சங்கப் பொறுப்பாளர்க்கு இது எழுதப்படாத விதியாக அமையட்டும்.

அநீதியான தேர்வை எதிர்த்துக் குரல் கொடுப்பதும், அதே தேர்வுக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்வதும் ஒன்றுக்கொன்று முரண் என்பார் சிலர். முரண் இல்லை. சகஜானந்தர் சட்டமன்றத்திலும் பேசினார், பள்ளியையும் நடத்தினார். அண்ணல் சட்டத்தையும் வகுத்தார், கல்லூரியையும் கட்டினார். விதி மாறும் வரை பிள்ளையின் வயது காத்திருக்காது. பிள்ளை தேறிவிட்டான் என்பதற்காக விதி நல்லதாகிவிடவும் மாட்டாது. இரண்டு பணியும் நம்முடையவை.

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, படித்து முன்னேறிய இளைஞர்களே! பூட்டுகள் இனியும் இடம் மாறும், பெயரும் மாறும். எந்தப் பூட்டுக்கும் தளராத பிள்ளைகளை உருவாக்கும் படிப்பகங்கள் ஊர்தோறும் எரியும் விளக்கோடு விளங்குமானால், வெள்ளி விழாக் கண்ட நம் சங்கம் பொன் விழாவையும் பெருமிதத்தோடு காணும். அதற்கு வேண்டிய உழைப்பை இன்றே தொடங்குவோமாக!